ஈர விரல்

பிப்ரவரி 11
இன்றும் சுவிட்சுதான். எங்கள் முதல் ராக்கெட்டைப் பற்றித் தொடர் எடுக்கிறார்கள், இவர் அதற்கு ஆலோசகர். கட்டுப்பாட்டு அறை சுவிட்சுகளுக்குக் கறுப்புத் தலை வைத்துவிட்டார்களாம். "சிவப்புங்க. நான் தொட்ட சுவிட்சு எனக்குத் தெரியாதா?" என்று இயக்குநரோடு போனில் சண்டை. வேலையை விட்டு வந்தபிறகு இவரை இவ்வளவு சுறுசுறுப்பாகப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் பெருமையும்.

பிப்ரவரி 19
சுவிட்சைச் சிவப்பாக்கிவிட்டார்கள். வீட்டில் வெற்றி விழா. என் வேடத்தில் யார் என்று கேட்டேன். "சின்னப் பொண்ணு ஒண்ணு, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

மார்ச் 2
மாடியில் துணி காயப்போட்டிருந்தேன். விரலை நாக்கில் தொட்டு உயர்த்திப் பார்த்தேன், காற்று திரும்பியிருந்தது. எல்லாவற்றையும் எடுத்து இறங்கிய பிறகுதான் தூறல்.

ஏவுதளத்தில் எனக்குப் பட்டப்பெயரே 'ஈர விரல்'. காற்றுக் கணக்கு என் வேலை. பலூன் விடுவோம், அது போகிற போக்கை வைத்து, ராக்கெட்டை எவ்வளவு சாய்த்து நிறுத்த வேண்டும் என்று நான் சொல்வேன். பலூனுக்கு முன்னால் விரல். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. "வானிலை அறிக்கை வந்தாச்சா?" என்று இவர் கேலி செய்வார். செய்யட்டும். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டுத் துணி மழையில் நனைந்ததில்லை.

மார்ச் 14
முதல் பகுதி பார்த்தோம்.
எழுத வரவில்லை.

மார்ச் 15
எழுதிவிடுகிறேன். உள்ளே வைத்துக்கொண்டால் வெடித்துவிடும்.

ராக்கெட் தயாராக நிற்கிறது. இவர் வேடத்தில் நடிப்பவன் வெளியே வருகிறான். விரலை நாக்கில் தொட்டு உயர்த்துகிறான். பின்னால் இசை. "நிறுத்துங்க, காத்து மாறிடுச்சு!" ராக்கெட் மேலே வந்து விழாமல் கரையோரத்து வீடுகள் தப்பிக்கின்றன. நான்? பிளாஸ்க்கில் காபி கொண்டுவருகிறேன். அவனைப் பார்த்துக் கண் கலங்குகிறேன்.

அன்று நிறுத்தச் சொன்னது நான். இன்னொரு பலூன் விடணும் என்று அடம்பிடித்து, தலைவரிடம் திட்டு வாங்கியது நான். புதுச் சாய்வைக் கணக்குப் போட்டது நான். இவர் அப்போது உள்ளே சுவிட்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. காத்து எங்கேருந்து பட்டுச்சாம் இவருக்கு?

சுவிட்சுகள் நல்ல சிவப்பு. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மார்ச் 16
கேட்டேன். பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தார்.

"விரல் விஷயத்தைப் பேச்சுவாக்குல சொன்னேன். எழுதறவங்க என்னுதுன்னு நெனச்சுட்டாங்க."

"சொல்லித் திருத்தியிருக்கலாமே?"

"திருத்தணும்னுதான் இருந்தேன்."

"அப்புறம்?"

பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். "பாக்க நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு, "விடு, நமக்குத் தெரியுமே."

நமக்கா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டு, நமக்குத் தெரியுமாம். சுவிட்சுக்கு அத்தனை சண்டை போட்ட வாய்தானே இது? எனக்காக ஒரு போன் பண்ண வரலையா?

மார்ச் 21
அன்றைக்குப் பலூன் விட்ட என் தோழி கூப்பிட்டாள். "ஏண்டி, நீ எப்போடி பிளாஸ்க் தூக்கினே? உனக்கு அன்னைக்குத் தண்ணி குடிக்கவே நேரமில்லையே!" அவளிடம்தான் அழுதேன். வீட்டில் அழவில்லை. அழமாட்டேன்.

மார்ச் 30
பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மாடியில் நிற்க வைத்து, விரலை உயர்த்தச் சொன்னார்கள். இவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உயர்த்தினார்.
காய்ந்த விரல். நனைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஏப்ரல் 1
சமைத்தேன். பேசவில்லை.

ஏப்ரல் 8
மாடியில் துணி எடுக்கப் போனேன். வழக்கம்போல விரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் தன் துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"அட, உங்க வீட்டுக்காரர் மாதிரியே பண்றீங்களே! அவர்கிட்ட கத்துக்கிட்டதா?"

நல்ல பெண். கள்ளமில்லாமல்தான் கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அவளிடம் என்னத்தை விளக்குவது?

காற்று திரும்பியிருந்தது. மழை நிச்சயம். என் துணிகளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். இவர் சட்டைகள் கொடியில்தான் இருக்கின்றன.

இதை எழுதும்போதே மழை பிடித்துக்கொண்டது. இவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரில் வந்த தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. காற்று பார்க்கத் தெரிந்தவர்தானே, அவரே போய் எடுத்துக்கொள்ளட்டும்.