மஞ்சள் வட்டம்

மார்ச் 4, செவ்வாய்

மாட்டேன் என்றால் மாட்டேன்.

காலையில் மேலாளரிடமும் இதைத்தான் சொன்னேன். காற்றை அழுத்தி அடைத்துவைக்கும் பெரிய இரும்புத் தொட்டி. அதில் நீளவாக்கில், நாங்கள் ‘மீசை’ என்று கூப்பிடும் மூத்த வெல்டர் போட்ட வெல்டிங். ஒலி அலை அனுப்பும் புரோபில் ஜெல் தடவி அதன் ஓரமாகவே நகர்த்திக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் திரையில் கோடு எகிறியது. ஒலி அலை இரும்புக்குள் தன்பாட்டுக்கு ஓடும். வழியில் விரிசல் இருந்தால் முட்டித் திரும்பும். திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து, இன்ன இடத்தில் கோளாறு என்று கருவி சொல்லும். சொன்னது. மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டேன். எங்கள் பட்டறையில் வட்டத்தைப் போட்டவர்தான் அழிக்க வேண்டும். அதுவரை நான் கையெழுத்துப் போட மாட்டேன், தொட்டி நகராது.

"வெள்ளிக்கிழம வண்டி வருதும்மா. ஒரு சின்னக் கோட்டுக்காகவா?"

"கோடு சின்னதுதான் சார். வெடிச்சா சத்தம் பெருசா இருக்கும்."

மீசை சுவரைப் பார்த்துப் பேசினார். "என் வெல்டிங்ல கிராக்காம். இது பொறக்கறதுக்கு முன்னாடியே வெல்டிங் ஹோல்டர் பிடிச்சவன் நான்."

பிடித்திருக்கட்டும். அலைக்கு வயது வித்தியாசம் தெரியாது.

மார்ச் 5

அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "கையெழுத்தப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானேடி? வேலை போச்சுன்னா என்ன பண்ணுவே?"

அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தி நின்று வேலை செய்வாள். அவளுக்கும் ஓர் அக்கா இருப்பாள். இதைச் சொன்னால் ஒரு மூச்சு அழுதுவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தேன்.

மார்ச் 6

வட்டம் போட்ட இடத்தை வெட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை.

மார்ச் 7

என் நாற்காலியில் மஞ்சள் வட்டம். டீ கப்பில் வட்டம். ஹெல்மெட்டில், நெற்றிக்கு நேராக, பெரிய வட்டம். கழிவறைக் கதவைக்கூட விடவில்லை. "மேடம், இதுலயும் கிராக் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு குரல். பட்டறை முழுக்கச் சிரிப்பு. மீசை மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றையும் துடைக்கவில்லை. போட்டவன் வந்து அழிக்கட்டும். அந்த ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வளைய வந்தேன், அந்த கப்பிலேயே டீ குடித்தேன்.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நீ ஸ்டோர்ஸுக்குப் போயிடும்மா. அங்க போல்ட்டு நட்டு எண்ணலாம். யாருக்கும் நஷ்டமில்ல."

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அது என் சொந்த விஷயம்.

கருவி பொய் சொல்லாது. அப்படியென்றால் நான் எதைத் தப்பாகக் கேட்டேன்?

மார்ச் 10

கண்டுபிடித்துவிட்டேன்! அட முட்டாளே, விரல்!

கழிவு இரும்புக் குவியலைக் கிளறி, அதே மாதிரி வெல்டிங் உள்ள துண்டு ஒன்றை எடுத்து வந்து பார்த்தேன். அதே கோடு எகிறியது. வெல்டிங்கின் அடிப்பக்கம் எப்போதும் கொஞ்சம் புடைத்திருக்கும். அதில் போய் மோதும் அலையில் ஒரு பங்கு குணமே மாறிவிடுகிறது. பக்கவாட்டில் அசைந்து அசைந்து போன அலை, முன்னும் பின்னும் நெருக்கித் தள்ளுகிற அலையாகி, ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மேலே ஓடி, மேற்பரப்பில் முட்டித் திரும்புகிறது. கருவிக்குத் தெரிந்தது ஒரே வேகம். வேறு வழியில் சுற்றி வந்த அலையை, இல்லாத விரிசலாக வரைந்து காட்டிவிட்டது.

ஜெல் தோய்த்த விரலை வெல்டிங்கின் முதுகில் அழுத்தினேன். திரையில் கோடு நடுங்கிச் சுருங்கியது. விரலை எடுத்தால் எழுகிறது, வைத்தால் படுக்கிறது. விரிசலாக இருந்தால் அசையாது. அது உள்ளே இருக்கிறது, என் விரல் அதை என்ன செய்யும்?

இதெல்லாம் பயிற்சியில் படித்ததுதான். அன்றைக்குத் தகடு சூடாக இருந்தது. கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டேன். தப்பு என்னுடையது. அதற்காக இனிமேல் வாய் திறக்காமல் இருப்பேன் என்று யாராவது நினைத்தால், அது அவர்கள் தப்பு.

மார்ச் 19

அடுத்த தொட்டி. இதுவும் மீசையின் வெல்டிங்தான். கோடு எகிறியது.

கையுறையைக் கழற்றினேன். தகடு சுட்டது. சுடட்டும். விரலை வைத்து அழுத்தினேன், தட்டினேன். கோடு அசையவில்லை. மறுபக்கத்திலிருந்தும் பார்த்தேன். அதே இடம். சாக்பீஸை எடுத்தபோது பட்டறையில் கிரைண்டர் ஒவ்வொன்றாக நின்றது.

"மறுபடியுமாம்மா?" மேலாளர் ஓடி வந்தார். "இந்தத் தடவையும் ஒண்ணுமில்லன்னா?"

"ஸ்டோர்ஸ் சாவியக் குடுங்க, போயிடறேன். ஆனா இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வட்டத்தைப் போட்டு முடித்தேன்.

மார்ச் 20

மீசை வேறு யாரையும் விடவில்லை. தானே கிரைண்டரை எடுத்துத் தேய்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக, என்னைத் திரும்பிப் பார்க்காமல். சட்டென்று நிறுத்தினார். பளபளப்புக்கு நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு.

குந்தி உட்கார்ந்து அதை விரலால் தடவினார். பிறகு சொன்னார்: "வெல்டிங் ராடு ஈரமா இருந்திருக்கு, அதான் விரிஞ்சிருக்கு. நான்தான் கவனிக்கல."

சொல்லிக்காட்ட நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். எனக்கே ஆச்சரியம்.

ஏப்ரல் 2

மத்தியானம் மீசை வந்து நின்றார். "கொஞ்சம் வந்து பாரும்மா. போடறப்பவே மனசுக்குச் சரியாப் படல."

போனேன். புது வெல்டிங்கில், அவர் கையாலேயே போட்ட மஞ்சள் வட்டம். கொஞ்சம் கோணல்.

இரண்டு பக்கமும் பார்த்தேன். கோடு எழுந்தது. விரலை வைத்தேன், படுத்தது. "சுத்தமா இருக்கு. நீங்க போட்ட வட்டம், நீங்களே அழிச்சிடுங்க" என்றேன்.

துணியை எடுத்து அழித்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கையை நீட்டி என் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, அதே துணியால் நெற்றி வட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தார். போட்டவர்தானே அழிக்க வேண்டும்.

முழுக்கப் போகவில்லை. விளிம்பில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருக்கட்டும்.