புதுச் செடிக்கு ஒரு பெயர்

கோல்டிங்

அன்புள்ள மகள் நிலக்சிக்கு,

நீ இருக்கும் மலையில் மழையும் உன் இருமலும் சேர்ந்தே விட்டிருக்கும் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு இந்த மாதம் ஃபக்டரியில் காலை வேலை, இரவுச் சாப்பாட்டிலேயே கொட்டாவி விடுகிறார். எனக்கு முதியோர் இல்லத்து வேலை வழக்கம்போலத்தான். அங்கே கூட வேலை செய்யும் ராசமலர் அக்கா உன்னை விசாரித்தா, மகளுக்கு இன்னும் வேலை கிடைக்கேல்லையோ, எக்குவடோர்க் காட்டுக்குள்ளையோ நிக்கிறாள் என்று. காட்டிலைதான் அக்கா அவளுக்கு வேலை என்றேன். ஐயோ பாவம் என்றா.

போன ஞாயிறு வீடியோவில் நீ அதைக் கேட்டதும் கறி அடிப்பிடிக்குது என்று எழும்பிப் போனேன் அல்லவா, அடுப்பில் ஒன்றுமே இருக்கவில்லை. நேரே சொல்ல வராததால் எழுதுகிறேன். நீ மரக்கிளையில் கண்ட அந்தப் புரோமெலியாட், அன்னாசிக் குடும்பத்துச் செடி, இதுவரை யாரும் விவரித்து எழுதாதது என்றும், அருங்காட்சியகங்களில் உலர்த்தி வைத்திருக்கும் செடிகளோடு இதழ் இதழாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டாய் என்றும், கட்டுரையில் இனிப் பெயர் மட்டும்தான் குறை என்றும் சொன்னாய். பிறகு, தம்பிக்கு என்ன பேர் வைக்க இருந்தனீங்கள் அம்மா, அதை இதுக்கு வைக்கட்டோ என்று கேட்டாய்.

உனக்கு அப்போது ஆறு வயது. உனக்குச் செய்தது போலவே முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துப் பெயர் வைப்போம் என்றிருந்தோம், அவன் அதற்கு முன்பே போய்விட்டான். ஆஸ்பத்திரியில் அவன் கையில் கட்டிய பட்டியில் என் பெயரும் ஆண் பிள்ளை என்பதற்கு 'ட்ரெங்' என்ற டேனிஷ் சொல்லும்தான் இருந்தன. கல்லறைக் கல்லிலும் நம் குடும்பப் பெயர் மட்டும்தான். நீயோ பள்ளிக்கூடத்தில் கீறிய படங்களிலெல்லாம் நாலு பேரைக் கீறினாய். ஒரு படத்தில் அவனுக்கு உன்னுடைய சிவப்பு மழைச் சப்பாத்தைப் போட்டுவிட்டு, எனக்கு இப்ப அளவில்லை, அவன் போடட்டும் என்றாய். அந்த வயதில் உன் தலையிலிருந்து வந்த மழை வாசம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. அந்த வருடங்களை நான் துக்கமாக மட்டும் நினைக்கவில்லை மகள், நீ எனக்குப் பக்கத்தில் இருந்த வருடங்கள் அவை.

அப்பாவிடம் சொன்னதும் அவருக்குக் கோபம்தான் வந்தது. மரத்திலை தொத்தி மரத்தை உறிஞ்சிற குருவிச்சைக்கோ என்ரை பிள்ளையின்ரை பேர், வேண்டாம் எண்டு சொல்லு என்று எழும்பிவிட்டார். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். இது குருவிச்சை இல்லையப்பா, மரத்திலை இருக்கிறது மட்டும்தான், மழையைத் தன்ரை இலைக் குவளையிலை பிடிச்சுக் குடிக்குமாம், மரத்திட்டை ஒண்டும் கேளாதாம் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அந்தக் குவளைக்குள்ளை ஒரு குட்டித் தவளை இருக்கு, கண்டனீரோ என்றார். அதுதான் அவருடைய சம்மதம் என்று உனக்குத் தெரியும்.

என் பயம் வேறு. நாளைக்கு ஒரு பெரிய ஆள் வந்து, இது ஏற்கெனவே பெயர் வைத்த செடிதான் என்று நிறுவிவிட்டால் அந்தப் பெயர் என்னாகும் என்று புதன்கிழமை உன்னிடம் கேட்டேனே. பேர் பதிவிலை இருக்கும் அம்மா, ஆனால் ஒருத்தரும் பாவிக்கமாட்டினம், இந்தச் சாதிச் செடியளிலை வேற ஒண்டுக்கும் அதை வைக்கேலாது என்றாய். அதைக் கேட்டபிறகு எனக்குப் பயம் போய்விட்டது. இருந்தும் யாரும் பாவிக்காத பெயரைத்தானே நானும் அப்பாவும் இத்தனை வருடமாக வைத்திருக்கிறோம். அதற்குமேல் அதற்கு என்ன நடந்துவிடும்? உன் பெயரோடு சேரட்டும் என்று தேடியது அது. நிலவன். வைத்துவிடு.

பாறையில் வழுக்காத சப்பாத்தைப் போட்டுக்கொள், தனியாக மேலே ஏறாதே, நேரத்துக்குச் சாப்பிடு. கட்டுரை வந்ததும் தாளில் அச்சடித்துத் தபாலில் அனுப்ப மறக்காதே, அப்பா திரையில் வாசிக்கமாட்டாராம். தொட்டதெல்லாம் துலங்கி நீ நீடு வாழ வேண்டும் என்று நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன்.

உனக்கும் நிலவனுக்கும்
அம்மா