கிள்ளி எடுத்த எட்டுத் துண்டு

மார்ச் 4
இன்று ஒரு தடவைதான் வெளிக்குப் போனேன். ரத்தம் இல்லை. தினமும் குறித்துவரச் சொன்னவர் டாக்டர். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல எழுதுகிறவள் என் மனைவி. சொன்னதைத்தான் எழுதுகிறாளா என்று எட்டிப் பார்க்கிறேன். பார்த்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் 6
பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நான்கு வருடப் புண் ஆறிவிட்டதாம். டாக்டர் திரையில் எனக்கும் காட்டினார், வழவழவென்று இருந்தது. ஆனாலும் எட்டு இடத்தில் சதையைக் கிள்ளி எடுத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அழற்சி அதில் தெரியுமாம். வியாதி திரும்புமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியுமாம். முடிவு வர இரண்டு வாரம் ஆகும்.

மார்ச் 7
அண்ணனைப் பார்த்து நான்கு வருடம். எண்பத்திரண்டு வயது, தனியாள். பஸ்ஸில் ஏழு மணி நேரம். அந்தக் காலத்தில் நான் லாரியில் மூட்டை ஏற்றிப் போன பாதைதான்; வழியில் கழிப்பறை எங்கெங்கே என்று இன்றைக்கும் சொல்வேன். ஓரிடத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றுமே கிடையாது, வெறும் பாறை. மாத்திரை முடிகிறவரை வெளியூர் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.
மாத்திரை போட்டேன்.

மார்ச் 10
ஒரு தடவை. மாத்திரை போட்டேன்.
"இதையே எத்தனை நாள் எழுதறது? அதேதான்னு காட்ட கீழ ரெண்டு புள்ளி வெச்சிடவா?" என்கிறாள்.

மார்ச் 13
அண்ணன் போன் செய்தார். "நீ வர்றதுக்குள்ள நான் கிளம்பிடுவேன் போலிருக்குடா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்காரவும் முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே சொல்கிறேன். ஒரு இடத்தில் நில்லுங்கள், பாதி காதில் விழவில்லை என்கிறாள்.
புண்தான் ஆறிவிட்டதே — இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?
மாத்திரை போட்டேன்.

மார்ச் 19
முடிவு வந்துவிட்டது. எட்டில் ஐந்து துண்டில் வெள்ளை அணுக்கள் புகுந்திருக்கின்றனவாம். மேலே ஆறியிருக்கிறது, உள்ளே அடங்கவில்லை. இப்படி இருப்பவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருவதற்கு வாய்ப்பு அதிகம். வந்தே தீரும் என்றில்லை. "மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க பெரியவரே" என்றார் டாக்டர். நோட்டைப் புரட்டிப் பார்த்து என் மனைவியைப் பாராட்டினார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20
எழுது என்றேன். என்ன எழுத என்றாள். ஏழாம் தேதியிலிருந்து ஒரு மாத்திரைகூடப் போடவில்லை, எழுது.
பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். அரை மணி கழித்து வந்துதான் இதை எழுதுகிறாள்.
"ஆறின புண்ணுக்கு எதுக்கு மருந்து, சீக்கிரம் விட்டா சீக்கிரம் ஊருக்குப் போகலாம்னு நெனச்சேன். உங்கிட்ட சொன்னா விடமாட்டே" என்றேன்.
"பதிமூணு நாள் என் கையால பொய் எழுத வெச்சீங்களே" என்றாள். அதையும் எழுதச் சொன்னேன்.

மார்ச் 21
டாக்டரிடம் அவளே போனில் சொன்னாள். எனக்கு நல்ல திட்டு. இன்றே தொடங்க வேண்டும். நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டு, உடம்பும் ஒத்துழைத்தால், மாத்திரையோடு ஊருக்குப் போய்வரலாமாம்.

ஏப்ரல் 2
மூன்று தடவை. ரத்தம் ஒரு பொட்டு. சொல்லத் தயங்கினேன். சொன்னேன்.

ஏப்ரல் 9
ஒரு தடவை. ரத்தம் இல்லை.

ஏப்ரல் 20
அண்ணன் வீடு. இளைத்துப்போயிருக்கிறார்.
"முழுசா ஆயிடுச்சாடா?"
"பாக்கறதுக்கு ஆயிடுச்சுண்ணே. உள்ள இன்னும் இருக்கு."
அவருடைய மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். அவருக்குக் காலையில் மூன்று, எனக்கு நான்கு. "இதுலயும் என்னை முந்திட்டியா" என்றார்.
என் மனைவி இருவருக்கும் தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்தாள். அப்புறம்தான் எழுத உட்கார்ந்தாள்.