மருமகன் கொண்டுபோன மெத்தை

சுவா,
வியாழக்கிழமை.

என் அருமை மகள் வாசிதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நான் சுகமாயிருக்கிறேன், வேண்டிய அளவுக்கு மேலேயே சுகமாயிருக்கிறேன், சர்ச் மாநாட்டுக்கு வந்த அன்று இடுப்பில் ஒழுங்காக நின்ற சுலு வேட்டியின் பக்கிள் இப்போது கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு திரிகிறேன். நீயும் உன் வீட்டுக்காரர் நீலும் டவுன்ஸ்வில்லில் சுகமா, லாரி ஓட்டி ஓட்டி அவருக்கு வந்த இடுப்பு வலி இப்போது தேவலையா என்று தெரிந்துகொள்ள ஆசை. அவரை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் அந்த இடுப்பை நினைத்து இந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு உன் மாமியார்கூடப் பட்டிருக்கமாட்டார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைத்துத்தான் சொல்லுவேன், உனக்குத் தெரியாததா.

மாநாடு போன வாரமே முடிந்துவிட்டது, நம் ஊர்ப் பாடகர் குழுவுக்குப் பரிசு இல்லை, தாழ்ந்த குரல்காரர்கள் முதல் நாள் ராத்திரி யங்கோனா வேரைக் கரைத்துக் குடித்துவிட்டு மறுநாள் தவளை மாதிரி பாடினார்கள், அதில் நானும் ஒரு தவளை. அதற்கப்புறம் எல்லாரும் கடைத்தெருவில் இறங்கிவிட்டோம். ஊரிலிருந்து ஆளாளுக்குச் சொல்லிவிட்ட சாமான் கொஞ்சநஞ்சமா, தூண்டில் முள், லாந்தர் திரி, போதகர் மனைவிக்கு ரோஜா நிறத் துணி, ஊர்த்தலைவர் காதோடு காதாகச் சொல்லிவிட்ட தலைமுடிச் சாயம், அதை நான் ஒருவரிடமும் சொல்லமாட்டேன், உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். வாங்கி முடித்த நாளில் கப்பலும் கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எஞ்சினுக்கு ஏதோ சாமான் வரவேண்டுமாம், நாளைக்கு நாளைக்கு என்று துறைமுகத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நீ சின்ன வயசில் பார்த்திருக்கிறாய், கப்பல் நிற்கிறது என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா, இன்றைக்கு ஒரு வீட்டில் வழியனுப்பு விருந்து, நாளைக்கு இன்னொரு வீட்டில், ஒரே ஆளை நாலு தரம் வழியனுப்பி நாலு தரமும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். கையில் இருக்கிற பிஸ்கட் டின்னும் டின் இறைச்சியும் விருந்துக்குப் போகிற வீட்டுக்கு ஒன்றாகக் குறைகிறது. நம் இசிகேலி மாமா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன், அவன் பெண்டாட்டி லிதியா தேங்காய்ப்பாலில் மீனை வேகவைத்து வைத்தால் எனக்கு ஊர் ஞாபகமே வருவதில்லை, இதை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அம்மா என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். நீ பதிவு அலுவலகத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போட்டோ அனுப்பின நாளிலிருந்து அவள் உன் பெயரைச் சொல்வதில்லை என்று உனக்கே தெரியும். சொல்லவேண்டி வந்துவிடுமே என்று என்னைக்கூட வாசிதி அப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு இந்தாங்க, இந்தாங்க என்றுதான் கூப்பிடுகிறாள், ஏதோ காசு கொடுக்கிறவள் மாதிரி. அம்மா தன் வாயால் கூப்பிட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று நீ எனக்கு எழுதிவிட்டாய். நீயும் அவள் பெண்தானே. உன் கடிதம் வந்தால் நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து எனக்கு நானே சத்தமாகப் படித்துக்கொள்வேன், அவள் கேட்காத மாதிரி கிழங்கு சீவிக்கொண்டிருப்பாள், சீவுகிற சத்தம் மட்டும் நின்று நின்று கேட்கும். இந்தத் தடவை நான் கிளம்புகிற அன்று கடற்கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், அந்த ஆளுக்கு இடுப்பு சரியில்லையாமே, பாயில படுத்தா எழுந்திரிக்க முடியுமா என்று. அடுத்த மீனைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவாவில ரெண்டு பேர் படுக்கிற மெத்தை விக்கிறாங்களாம் என்றாள். அவ்வளவுதான், திரும்பவும் மீன். படகில் ஏற்றச் சொன்ன மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அவள் போன மழைக்காலம் முழுக்கப் பின்னிய பாய்கள், வெள்ளைக் கம்பளி நூல் ஓரம் வைத்த பெரிய பாய்கள், எல்லாவற்றையும் விற்றுவிடவாம். உன் அம்மா கூப்பிட்டால் இப்படித்தான் கூப்பிடுவாள் வாசிதி, வாயால் கூப்பிடமாட்டாள். அந்த மெத்தை முன்னறையில் விரித்துக் கிடக்கிறது என்று நான் உனக்கு எழுதினால் நீ புரிந்துகொள்வாய் என்றுதான் இருந்தேன்.

பாய்களை விற்று மெத்தையும் வாங்கினேன். நானும் இசிகேலியும்தான் கடைக்குப் போனோம், ரெண்டு பேருக்கு இடம் போதுமா என்று பார்க்க ரெண்டு தடியன்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துப் பார்த்தோம், அந்த குஜராத்திக் கடைக்காரர் நிதானமாக வந்து நின்று உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆகுது என்று கேட்டார். எனக்கு முன்னாடியே இசிகேலி பதில் சொல்லிவிட்டான், ரொம்ப வருஷமாச்சுங்க, இவன் இன்னும் சமைக்கக் கத்துக்கல என்று. சொல்லிவிட்டு அங்கேயே தூங்கியும் போனான், எழுப்பத்தான் கஷ்டப்பட்டோம். டாக்ஸி கூரையில் கட்டி, ஜன்னல் வழியாக ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. அதன் பக்கத்தில் கீழே பாய் போட்டு நாய் மாதிரி காவல் படுத்தேன். பயம் யாருக்கு என்று உனக்குத் தெரியும், உன் கெலேரா அத்தை மகன் எமோசிக்குத்தான். நம் வழக்கத்தில் சகோதரி மகன் கண்ணில் பட்டது மாமன் கையில் தங்குமா, போன தடவை வந்தபோது என் ரேடியோ போனது, அதற்கு முந்தின தடவை காலில் கிடந்த புதுச் செருப்பு போனது, வெறுங்காலோடு கப்பல் ஏறினேன். அவன் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது, என் அப்பாவுக்கும் இருந்ததில்லை. அதனால் என்ன செய்தேன், நான் கப்பலேறிப் போய்விட்டேன் என்று லிதியாவை விட்டு ஊரெல்லாம் சொல்லச் சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தேன்.

நல்ல யோசனைதான், ஆனால் வயிறு கெடுத்தது. சந்தை வாசலில் ஒரு அம்மா கறியை ரொட்டியில் சுருட்டி விற்பாள், அந்த வாசனை இங்கே வராது, வந்த மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை பொறுக்கமுடியாமல் இசிகேலியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன். எமோசி அந்தச் சந்தையிலேயேதான் தள்ளுவண்டி தள்ளுகிறான் என்று தெரிந்தும் போனேன், என்னை நீயே என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். முதல் கடி வாய்க்குள் போயிருக்கும், பின்னாலிருந்து குரல் கேட்டது. "மாமா, கப்பல் போயிடுச்சுன்னு எங்கம்மா அழுதாங்களே. நீந்தியே திரும்பி வந்துட்டீங்களா?" வாயில் ரொட்டி இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை, ரொட்டி இல்லாவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன். அவன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, நான் வாங்கின அன்னாசிப்பழங்களைத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் காசு வாங்காமல் தள்ளிக்கொண்டு வந்தான், நாளைக்கு மகரேதாவைக் கூட்டிக்கிட்டு சாப்பிட வர்றேன் மாமா என்றும் சொன்னான். சாப்பிட வருகிறேன் என்கிறவனை எப்படி வராதே என்பது.

நேற்று மதியம் வந்தார்கள். மகரேதா அவன் பெண்டாட்டி, தலைப்பிள்ளை, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறாள். கால் ரெண்டும் மரவள்ளிக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. பாயில் உட்கார சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கியதையும், சாப்பிட்டு முடித்து எழுந்திருக்க ரெண்டு பேர் கைகொடுத்துத் தூக்கியதையும் நான் பார்த்தேன், எமோசி அதற்குள் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இசிகேலி எனக்காகப் பொய்கூடச் சொன்னான், அது போதகரோடது, கறை பட்டா நரகம்தான் என்று. எமோசி சிரித்துக்கொண்டே போய் அதன் மேல் உட்கார்ந்து ஒரு குதி குதித்தான். "மாமா, இது எனக்கு," என்றான். கேட்டது கொடுத்தாயிற்று என்று வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வழக்கப்படி கையைக் குவித்துத் தட்டினார்கள். எனக்கு முன்னாடி என் கை தட்டிவிட்டது வாசிதி, சத்தம் கேட்டுத்தான் நானும் தட்டுகிறேன் என்று தெரிந்துகொண்டேன். மகரேதா மட்டும் வேணாங்க மாமா, அது வேற யாருக்கோ ஆசையா வாங்கினதுன்னு தெரியுது என்று மெதுவாகச் சொன்னாள். அவள் அந்தக் காலோடு நின்றுகொண்டு சொல்கிறாள், நான் எப்படி ஆமாம் என்பேன், எடுத்துக்கோம்மா என்றேன். சாமான் சுமக்கிற அதே தள்ளுவண்டியில் மெத்தை குறுக்கே கிடந்து ஆடிக்கொண்டே போனது, சாலையில் போன பஸ்ஸெல்லாம் அதற்கு ஒதுங்கி வழிவிட்டது. கோபப்படலாம் என்றாலும் யார் மேல் கோபப்படுவது, நான் என் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு சீனாக்காரர் பேக்கரியில் கிரீம் பன் வாங்கித் தின்றேன், எத்தனை என்று கேட்காதே. இசிகேலி பாவம், அரிசிச் சாக்குகளை ஒட்டித் தைத்துப் பஞ்சடைத்துக் கொடுத்தான், அது செத்த பன்றி படுத்திருக்கிற மாதிரி இருந்தது. விற்கப் பாய் இல்லை, இன்னொரு மெத்தை வாங்கக் காசு இல்லை, அந்த நேரம் பார்த்து துறைமுகத்திலிருந்து ஆள் வந்து கப்பல் நாளைக்கு நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெறுங்கையோடு அவள் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. தூரத்திலிருந்து சொல்லிவிடலாம் என்று இன்றைக்குக் காலையில் தபால் ஆபீசுக்குப் போய் ஊருக்கு ரேடியோ போன் போடச் சொன்னேன். அந்த ரேடியோவில் ஒருத்தர் பேசினால் சுற்றியிருக்கிற தீவு அத்தனையும் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும், அதனால் உன் அம்மா அதில் உப்பு, சர்க்கரை தவிர எதுவும் பேசமாட்டாள், சொந்தத் தங்கை செத்த செய்தி வந்த அன்றைக்கும் "சரி, ஓவர்" என்று மட்டும் சொன்னவள். ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தார்கள், மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. மெத்தையை எமோசி கேட்டான், கொடுத்துவிட்டேன், மகரேதாவுக்கு நேரமாகிவிட்டது, ஓவர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கரகரவென்று இரைச்சல். பிறகு, கொடுத்தது சரிதான் என்றாள். தப்பித்தோம் என்று நான் கண்ணைத் திறந்தேன். அவள் இன்னும் பொத்தானை விடவில்லை. "அப்போ வாசிதியும் அவ வீட்டுக்காரரும் வந்தா எங்க படுப்பாங்க? ஓவர்."

அந்த ரேடியோவில் எப்போதும் யாராவது இருமுவார்கள், கோழி கத்தும். இன்றைக்கு ஒரு தீவிலும் ஒரு சத்தம் இல்லை. நான் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கவுண்டரில் இருந்த பெண், ஐயா, பொத்தானை அழுத்திட்டுப் பேசுங்க என்கிறாள், அழுத்தினேன், விட்டேன், மறுபடி அழுத்தினேன், விட்டேன். மாநாட்டு மேடையில் அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணி ஆட்களைத் தூங்கவைத்த ஆள்தான் நான். அதற்குள் எந்தத் தீவோ தெரியவில்லை, ஒரு பெண் குரல் குறுக்கே வந்து எங்க வீட்ல ஒரு கட்டில் சும்மா கிடக்குக்கா, அனுப்பட்டுமா என்றது. இன்னொருத்தி, அந்தப் பொண்ணு எப்ப வருது என்று கேட்டாள். உன் அம்மா அதற்கும் பதில் சொன்னாள், இன்னும் தெரியாது, கேட்டிருக்கேன் என்று. அப்புறம் என்னிடம் ரொட்டி மாவுக்கு ஈஸ்ட் மறக்காமல் வாங்கிவரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இதுதான் நடந்தது. நீ கேட்டபடி அவள் தன் வாயால் கேட்டுவிட்டாள், கடல் முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டாள், என்னால் என்ன சொல்லமுடியும், வருவார்கள் என்பதா, மாட்டார்கள் என்பதா. நான் ஊர் போய்ச் சேர்ந்ததும் படகை விட்டு இறங்குவதற்குள் என் முகத்தைத்தான் பார்ப்பாள், அதில் பதில் இருக்காது, கையில் ஈஸ்ட் மட்டும்தான் இருக்கும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து நடத்துவாராக, நீலின் இடுப்புக்கும் ஜெபிக்கிறேன், ராத்திரி வண்டி ஓட்டவேண்டாம் என்று சொல், நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. பதிலை எனக்கு எழுதாதே. உறையின் மேல் உன் அம்மா பெயரை, உனாய்சி என்று எழுது, கேட்டது அவள்.

உன் அன்பு அப்பா,
அபெனிசா