பிளேன்டீ போத்தலில் கசாயம்

மிலானின் அப்பாவுக்கு,

வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, போகிறேன். எழுப்பினால் நேற்றைய சண்டை மறுபடி தொடங்கும் என்று எழுப்பவில்லை. ரொட்டி அடுப்பு மேலே மூடியிருக்கிறது. மிளகாய்க் கட்டச்சம்பலைத் தேடாதீர்கள், ஒளித்துவிட்டேன்.

இன்றைக்கு உங்கள் குடல் கிளினிக். கிளினிக் கொப்பி, மாத்திரை அட்டை, பூண்டுலோயா நாட்டு வைத்தியர் தந்த கசாயம் எல்லாம் பையில் இருக்கிறது. மூன்றையும் டாக்டர் மேசையில் வையுங்கள். கசாயம் வேண்டாம், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று அவர் போன முறையே சொன்னார். நீங்களோ மாத்திரையை நிறுத்திவிட்டு, கசாயத்தை பிளேன்டீ போத்தலில் ஊற்றி மலை வேலைக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். கங்காணி அண்ணன் பால் ஊற்றாத பிளேன்டீ என்று நினைத்து அரைப் போத்தல் குடித்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது!

மாத்திரையால் முகம் ஊதுகிறது என்கிறீர்கள். அதை என்னிடம் சொல்லி என்ன பயன், டாக்டரிடம் சொல்லுங்கள். ஊதினாலும் எனக்கு அந்த முகம் பிடித்துத்தான் இருக்கிறது.

சாவியைப் பக்கத்து வீட்டு சுலக்ஷனாவிடம் கொடுங்கள்.

மார்கிரட்

சொல்ல மறந்துவிட்டேன். நேற்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கங்காணி அண்ணனைப் பார்த்தேன். “நாலு நாளா கட்டிக் கெடந்த வயிறு தங்கச்சி, அரை போத்தல்லயே தொறந்துக்கிச்சு. இன்னொரு போத்தல் கெடைக்குமா?” என்று கேட்டார். கட்டின வயிற்றைத் திறக்கிற மருந்து, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடுகிற உங்கள் வயிற்றை என்ன செய்யும்? இதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்டர் இந்த முறையும் வேண்டாம் என்றால் கசாயத்தைக் கொட்டிவிடாதீர்கள். கங்காணி அண்ணன் காத்துக்கொண்டிருக்கிறார்.