திருப்பிப் போட்ட பெஞ்ச்

என் வாயாடி மகளுக்கு,

நான் பெருக்கித் துடைக்கிற ஆஸ்பத்திரியில், பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக் கிடந்த வாசல் பெஞ்சைத் திருப்பிப் போட்டுவிட்டேன். "அங்க உட்கார்ந்தா என் கிளாஸ் பசங்க எல்லாரும் பார்ப்பாங்கம்மா. நாளைக்கு என் வயித்துவலிதான் ஊர்க்கதை" என்று சொல்லிச் சொல்லியே வலியைப் பொறுத்துக்கொண்டாய். கடைசியில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எந்தப் பெஞ்சிலும் உட்கார நேரமில்லை.

"யாரு இதைச் சுவத்தைப் பார்த்துத் திருப்பினது?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"நான்தாங்க. காத்து நல்லா வரும்னு."

"சுவத்துலேர்ந்தா காத்து வருது?" என்று சிரித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அப்படியே விட்டுவிட்டார்.

இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் உன் வயசுப் பிள்ளைகள் வருகிறார்கள். தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுகிறார்கள். யாருக்கும் முகம் தெரியாது.

எனக்கும்தான் தெரியவில்லையடி. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போதெல்லாம், அந்த வரிசையில் ஒரு பின்னல் உன்னுடையதாகவே இருக்கிறது. உள்ளேயிருந்து நர்ஸம்மா கூப்பிட, அவள் எழுந்து திரும்புகிற வரைக்கும் வாளியைக் கீழே வைக்காமல் நிற்கிறேன்.

உன் அம்மா