சாவுக்கு மூன்று நாள்

ஜூன் 9, ஞாயிறு

காலையில் மழை. எட்டு மணி தமிழ்ப் பூசைக்குக் குடை பிடித்துப் போனேன். திரும்பும்போது ஜெலுத்தோங் பாசார். வாங்கியது: கெம்போங் மீன் ஆறு, கங்கோங் கீரை ஒரு கட்டு, முட்டை, பச்சை மிளகாய். மீனைக் கழுவும்போதுதான் தெரிந்தது, இரண்டு பேருக்கு வாங்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அந்தோணி போய் நான்கு மாதம். கைக்கு இன்னும் தெரியவில்லை.

மூன்றைப் பொரித்தேன். மூன்று ஃபிரிட்ஜில்.

கோகிலாவுக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. ஃபேக்டரியில் என் லைனில் வேலை செய்கிற பிள்ளை. வியாழன், வெள்ளி வரவில்லை, டாக்டரிடம் எம்.சி., உடம்பு சரியில்லை என்கிற சீட்டு, வாங்கி அனுப்பிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. மகள் தர்ஷினிக்குத்தான் நிமோனியா. நான்கு வயது. ஆஸ்பத்திரியில். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு ஜொகூர் பக்கம்.

யூனிபார்ம் காயவில்லை. ஃபேன் அடியில் போட்டிருக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

வெயில். கம்பெனி பஸ் பத்து நிமிடம் தாமதம். கோகிலா வந்திருந்தாள். முகம் வீங்கி. இன்று நாத்தனார் ஆஸ்பத்திரியில் பிள்ளையுடன் இருக்கிறாளாம்.

பத்து மணிக்கு பிலிப் அண்ணே கூப்பிட்டார். எங்கள் சூப்பர்வைசர். எங்கள் கோவில்தான், பூசையில் வாசகம் வாசிப்பவர். அந்தோணி செத்த அன்று முதல் ஆளாக வந்து நாற்காலி இறக்கிப் போட்டவர்.

"தங்கச்சி, கோகிலா எம்.சி.ல வயித்துப்போக்குன்னு இருக்கு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரி கேண்டீன்ல கஞ்சி வாங்கிட்டு நின்னுச்சாம். ஆபீஸ் பொண்ணு ஒண்ணு பாத்திருக்கு."

"பிள்ளைக்கு வாங்கியிருக்கும் அண்ணே."

"அதான் சொல்றேன். நோவு பிள்ளைக்கு. எம்.சி. கோகிலாவுக்கு."

ஒரு தாள் கொடுத்தார். மலாயில் டைப் அடித்தது. மெதுவாகப் படித்தேன். கோகிலா புதன்கிழமை நன்றாக இருந்தாள், நன்றாகச் சாப்பிட்டாள், வயிறு சரியில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. கீழே லைன் லீடர் ஸ்டெல்லா என்று என் பேர், ஒரு கோடு. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து. போட்டால் அவளுக்கு வேலை போகும்.

"நான் கேக்கல தங்கச்சி. எச்.ஆர். மிஸ் கேக்குறாங்க."

மடித்துப் பையில் வைத்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

யாரிடமும் சொல்லாததை இதில் எழுதுகிறேன்.

கோகிலாவுக்கு அந்தக் கிளினிக்கைச் சொன்னது நான். "வயித்துப்போக்குன்னு சொல்லு, அத டெஸ்ட் பண்ண மாட்டாங்க" என்று சொல்லிக் கொடுத்ததும் நான். எனக்கு எப்படித் தெரியும்? நான் செய்ததுதான்.

ஜனவரியில் அந்தோணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிட்னி. என் வருட லீவு எல்லாம் அதற்கு முன்பே டயாலிசிஸ் அலைச்சலில் முடிந்துவிட்டது. எம்.சி. நமக்கு நோய் வந்தால் மட்டும்தான். புருஷன் நோய்க்கு எம்.சி. கிடையாது. சம்பளம் இல்லாத லீவு கேட்டேன். ஒரு வாரம் முன்னாடியே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நோய் அப்படிச் சொல்லிவிட்டா வரும்?

கிளினிக்கில் டாக்டர் என் வயிற்றை அமுக்கி, இங்கே வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அந்தோணி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. "உனக்கு வயிறு, எனக்கு கிட்னி. நல்ல ஜோடிடி நம்ம." இன்னொரு தடவை போனேன், இன்னும் இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாவது தடவை டாக்டர் என் முகத்தையே பார்த்துவிட்டு, வேலைக்குப் போங்கள் அக்கா என்றார்.

போனேன். செவ்வாய்க்கிழமை அது. ஃபோன் லாக்கரில், லைனில் கொண்டுபோகக் கூடாது. பக்கத்து வீட்டு நோர்மா பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன்.

பிறகு லீவு கொடுத்தார்கள். சம்பளத்தோடு. சாவுக்கு மூன்று நாள். கேட்காமலே கொடுத்தார்கள். சாகிறவர் பக்கத்தில் உட்கார ஒரு நாள் கிடையாது.

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சொன்னேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார் ஃபாதர். சொன்னேன். என்னைப் பொய் சொல்ல வைத்தார்களே, அவர்கள் யாரிடம் போய் முட்டி போடுவார்கள் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 12, புதன்

மதியம் மழை, கேண்டீன் கூரை ஒழுகல். கோகிலா எதிரில் வந்து உட்கார்ந்தாள். மீ கோரேங்கில் பாதியை என் தட்டில் தள்ளினாள்.

"தின்னுங்கக்கா. எனக்குத்தான் வயித்துப்போக்காச்சே."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

"உன்ன கூப்பிட்டுக் கேட்டாங்களா?"

"நேத்தே கேட்டாங்க. யாரு அந்தக் கிளினிக்க சொன்னதுன்னு. பஸ்ல யாரோ பேசிக்கிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"என் பேர..."

"ஏங்க்கா? உங்களுக்கும் சேத்து சோறு போடவா எனக்கு வசதி இருக்கு?"

தாளைக் காட்டினேன். படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"போடுங்கக்கா. உண்மைதானே லா. ஆஸ்பத்திரியிலயே பாத்துட்டாங்க, இனிமே என்ன மறைக்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. உண்மையச் சொல்லி எடுக்குற லீவு ஏதாச்சும் இருந்துச்சா? இருந்து நான் எடுக்காம போனேனா?"

தாளை மறுபடி மடித்துப் பையில் வைத்தேன். மணி அடித்தது.

ஜூன் 13, வியாழன்

புகை மூட்டம் மாதிரி வானம். மாலை பிலிப் அண்ணே வீட்டில் அன்பியம் ஜெபக் கூட்டம். எங்கள் அடுக்குமாடிப் புளோக் ஆட்கள் ஒன்பது பேர். ஃபாதரும் வந்திருந்தார். பேச வேண்டியது என்று தாள் கொடுத்தார்கள்: உழைப்பாளியின் குடும்பம். கேள்வி: வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் தொழிலாளிக்கு நாம் என்ன செய்யலாம்?

சொன்ன பதில்கள்: ஜெபம். போய்ப் பார்ப்பது. பழம். ரோஸி ஆன்ட்டி: ஹார்லிக்ஸ்.

ஃபாதர் சொன்னார், "ஓய்வு நாள் கட்டளைய நல்லா பாருங்க. முதலாளிக்கு மட்டும் ஓய்வுன்னு இல்ல. வேலைக்காரனுக்கு, வேலைக்காரிக்கு, மாட்டுக்குக் கூட."

ரோஸி ஆன்ட்டி, "மாட்டுக்கே லீவு இருக்கு ஃபாதர். நமக்குத்தான் டாக்டர் சீட்டு வேணும்." எல்லோரும் சிரித்தோம். பிலிப் அண்ணே மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாய் திறந்தேன். கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை நான். "லீவு கேட்டா என்ன? பழம் குடுக்குறதுக்குப் பதிலா, எல்லா கம்பெனியும் லீவு குடுக்கணும்னு கோவில்லேருந்து கேட்டா என்ன?"

"அது கம்பெனி விஷயம் தங்கச்சி," என்றார் பிலிப் அண்ணே.

"நோவு குடும்பத்து விஷயம், லீவு கம்பெனி விஷயம். அப்ப கோவில் விஷயம் எது அண்ணே?"

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பிலிப் அண்ணே வீட்டுக்காரி தேநீர் கொண்டுவரப் போய்விட்டாள். ஃபாதர், "இந்தக் கேள்விய நான் பங்குப் பேரவையில வைக்கிறேன்மா" என்றார். வைப்பாரா தெரியாது. ஆனால் தன் தாளில் எழுதிக்கொண்டார், பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. எனக்குக் கோவில் ஆட்கள் குறை வைக்கவில்லை. எல்லோரும் நல்லவர்கள். மாலை வந்தது, பூ வந்தது, ஏழு நாள் ஜெபம் வந்தது. பிலிப் அண்ணே நாற்காலி கொண்டுவந்தார். எனக்கு வேண்டியிருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதை யாராலும் கொண்டுவர முடியவில்லை.

பழம் கொடுக்கிறவர் மனசு வைத்தால் கொடுப்பார். லீவும் அப்படி மனசைப் பார்த்து வருவதாக இருக்கக் கூடாது. கூலி மாதிரி வர வேண்டும். யாரும் யாருக்கும் கும்பிடு போடாமல்.

மார்த்தாள் ஏசுவிடம் சொன்னாளே, நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான் என்று. நான் இருந்திருந்தாலும் அந்தோணி செத்திருப்பார், எனக்குத் தெரியும். ஆனால் கதவைப் பார்த்துக்கொண்டே செத்திருக்க மாட்டார். நோர்மா சொன்னாள், கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஜூன் 14, வெள்ளி

வெயில். காலையில் பஸ் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து, அந்தத் தாளுக்குப் பதிலாக நானே ஒரு கடிதம் எழுதினேன், தமிழில். ஆறாம் ஆண்டு வரை படித்த தமிழ். எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"மதிப்புக்குரிய மிஸ். கோகிலா புதன்கிழமை நன்றாகத்தான் இருந்தாள். பிள்ளைக்குத்தான் நோய். அந்தக் கிளினிக்கைச் சொன்னது நான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான். என் கணவர் சாகக் கிடந்தபோது நானும் இப்படித்தான் எம்.சி. எடுத்தேன். பொய் சொன்னது தப்பு. உண்மையைச் சொல்லி எடுக்க ஒரு லீவு வையுங்கள். அதற்குப் பிறகும் பொய் சொல்கிறவளை வேலையை விட்டு நீக்குங்கள். ஸ்டெல்லா, லைன் லீடர்."

நான்கு மணிக்கு எச்.ஆர். அறை. ஏர்கான் குளிர். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. பிலிப் அண்ணேதான் படித்துச் சொல்ல வேண்டும். முதலில் மனதுக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி. இத நான் படிச்சா உன் வேலையும் போகும்."

"படிங்க அண்ணே. கோவில்ல படிக்கிற மாதிரி படிங்க."

மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு மலாய் காதுக்கு நன்றாக விளங்கும். சொல்லிக் கொடுத்தது நான் என்ற வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"ஒண்ணு விட்டுட்டீங்க அண்ணே."

நின்றார். அதையும் சொன்னார். கடைசி வரி வரைக்கும் சொன்னார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நானும் கோகிலாவும் ஆபீசுக்கு வர வேண்டுமாம். முடிவு அன்றைக்கு. பேட்ஜை இப்போதே கொடுத்துவிடச் சொன்னார்கள். கொடுத்தேன்.

பஸ்ஸில் கோகிலா திட்டித் தீர்த்தாள். "உங்க பேர எதுக்குக்கா போட்டீங்க? ஒரு ஆள் வேலையாச்சும் மிஞ்சியிருக்கும்லா! மூள இருக்கா உங்களுக்கு?" திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தாள். இறங்கும் வரை விடவில்லை. தர்ஷினிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நாளை நான் போய் வார்டில் இருக்கிறேன், அவள் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்.

எழுத விட்டுப்போனது. அறையை விட்டு வெளியே வரும்போது மிஸ் கேட்டார், மலாயில், மெதுவாக. மொத்தம் எத்தனை நாள் அப்படிப் பொய் எம்.சி. எடுத்தாய்?

நான்கு நாள் என்றேன். ஐந்தாவது நாள் பொய் சொல்லாமல் வேலைக்கு வந்தேன் மிஸ், அன்றைக்குத்தான் அவர் செத்தார்.